அடுத்த மேசையில் என் பழைய பெட்டி

அந்தக் கட்டம் ஒரு தீப்பெட்டியைவிடப் பெரிதில்லை. கம்ப்யூட்டர் திரையின் வலது ஓரத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அதற்காக ஒரு கோடை முழுக்க நான் வயிறெரிந்தேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார். அவரிடம் இதுவரை சொன்னதும் இல்லை.

பீளமேட்டில் மூடிப்போன மில் ஒன்றின் பின்புறச் சந்தில் எங்கள் கம்பெனி இருக்கிறது. தறிகளுக்கும் மில் மிஷின்களுக்கும் வேண்டிய பல்சக்கரம், தண்டு மாதிரியான உதிரி சாமான்கள் செய்கிறோம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, சாமான்களை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றும் வேலைக்குத்தான் நான் அங்கே வந்தேன். ஆபீசில் மெயில் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, இங்கிலீசு எழுத்துக் கூட்டிப் படிப்பீங்களா?"

"கூட்டுவேனுங்க."

"கூட்டுனாப் போதும். பேசவா போறீங்க?"

அப்படித்தான் மெயில் பார்க்கும் வேலை என் கைக்கு வந்தது. கூடவே பயமும் வந்தது. பயம் எனக்குப் புதிதில்லை. போத்தனூரில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம்வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவளின் மனசு எப்படிக் கிடந்து அடித்துக்கொள்ளுமோ, எடுத்து வைக்காத ஒரு மெயில் கிடந்தால் எனக்கு அப்படி இருக்கும். இன்பாக்ஸ் காலியானால்தான் சாப்பாட்டுப் பையைத் திறப்பேன்.

காலியாக்குவதற்கு அந்த ஓரக்கட்டம் இருந்தது. ஒரு மெயிலைத் திறந்தால், இது இந்த ஃபோல்டருக்குத்தானே போக வேண்டும் என்று கேட்கிற மாதிரி அதுவே இரண்டு மூன்று பெயர்களைக் காட்டும். இந்த ஆளிடமிருந்து வந்ததை இதுவரை எங்கே வைத்தேன் என்பதைப் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொண்டது. மேலே இருப்பதை ஒரு அமுக்கு அமுக்கினால் மெயில் போய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆரம்பத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது, தப்புத் தப்பாகக் காட்டும். நான் திருத்தித் திருத்தி வைக்க, சில வருசத்தில் என் மனசில் இருப்பதைச் சொல்லுமளவுக்குத் தேறிவிட்டது.

இதிலென்ன பெரிய வித்தை, தேடினால் கிடைத்துவிடப் போகிறது என்று தோன்றலாம். எங்கள் வாடிக்கைக்காரர்களைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் புதிதாக ஒரு மெயில் எழுதவே மாட்டார்கள். எங்கள் விலாசத்தைத் தட்டுகிற வேலை மிச்சம் என்று, எப்போதோ நாங்கள் அனுப்பிய ஏதாவதொன்றைத் தேடிப் பிடித்து அதற்கே பதில் போடுவார்கள். சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவருக்கு ஒரு தடவை தீபாவளி வாழ்த்து அனுப்பினோம். அன்றிலிருந்து அவருடைய ஆர்டர், அளவு மாற்றம், 'சக்கரம் சத்தம் போடுது' என்கிற புகார் எல்லாமே தீபாவளி நல்வாழ்த்துகள் என்ற தலைப்பில்தான் வரும். சித்திரை மாசத்தில்கூட. உள்ளே ஒரு வரியும் இருக்காது, துண்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதி எடுத்த போட்டோ மட்டும் இருக்கும். எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவது?

அதனால் ஆளைப் பார்த்துத்தான் நான் ஃபோல்டர் போட்டேன். சென்னிமலைக்காரருக்குத் தீபாவளி. எப்போதும் சத்தம் போடுகிறவருக்குக் கோவக்காரர். ஒரு போனில் எங்களோடும் இன்னொரு போனில் வேறு யாரோடோவும் பேசுகிறவருக்கு ரெண்டுபோன். இங்கிலீஷ் எழுத்தில், எனக்குத் தெரிந்த மாதிரி கூட்டி எழுதியிருப்பேன்.

முதலாளிக்கு மெயில் என்றால் கடுதாசிதான். கண்ணாடி அறைக்குள்ளிருந்து, "அம்மணி, அந்தச் சென்னிமலையாரு கடுதாசி?" என்பார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் காகிதம் பிரிண்ட் ஆகி அவர் மேசையில் இருக்கும். ஒன்றும் சொல்ல மாட்டார். வெளியாட்கள் யாராவது எதிரில் உட்கார்ந்திருந்தால் மட்டும், "நம்ம அம்மணிகிட்டக் கேட்டாப் போதுமுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் காய்ச்சலோடுகூட வேலைக்குப் போயிருக்கிறேன். கண்ணாடி அறையை ஒட்டியிருந்த என் மேசையை ஆபீசில் வேறு யாரும் தொட மாட்டார்கள். அவர் தலையைத் தூக்கினால் முதலில் என்னைத்தான் பார்ப்பார்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். பி.காம். முடித்தவள், பில் போடுகிற வேலைக்கு. மூலையில் ஃபேனுக்கு நேர் கீழே அவளுக்கு மேசை. மெயில் விலாசம் கம்பெனிக்கு ஒன்றுதான் என்பதால் வருகிறதெல்லாம் இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் தெரியும், ஆனாலும் எடுத்து வைப்பது என் வேலை என்று அவளுக்கும் தெரியும். நல்ல பெண். எதற்கெடுத்தாலும் அக்கா அக்கா என்பாள். அதுதான் சிரமமே. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

அவளுடைய கம்ப்யூட்டர் ஒரு நாள் புகைந்து நின்றது. முதலாளி புதிதாக ஒன்று வாங்கிவந்தார். அட்டைப்பெட்டி பிரிக்காமல் நடுக்கூடத்தில் இரண்டு நாள் கிடந்தது. நின்றுபோனது அவளுடையது, அப்படியானால் புதுசு அவளுக்குத்தான். நியாயம் அதுதான். ஆனால் அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று வந்தவள் புதுசில் உட்காருவாள், இத்தனை வருசமாக இருக்கிறவள் பழசில் உட்காருவாளா? அவளுக்குப் புதுசு வந்தால், நாளைக்குக் கடுதாசியும் அவளிடம் போகும். இப்படியெல்லாம் நினைத்து நினைத்து, கடைசியில் முதலாளியிடம் போய் நின்றேன்.

"என்னுது கொஞ்சம் மெதுவா ஓடுதுங்க."

அது பொய்யில்லை. கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. அவர் என்னைப் பார்த்தார், வெளியே பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப நீங்க புதுச வெச்சுக்குங்க அம்மணி. உங்குளுது அந்தப் பொண்ணுக்குப் போவட்டும்."

அவள் முகத்தை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்றே பார்க்கவில்லை.

சர்வீஸ் பையன் என்று நாங்கள் கூப்பிடுகிற, தலை நரைத்த ஒருவர் வந்து என் பழையதைத் தூக்கி மூலை மேசையில் வைத்தார். புதியதை எனக்கு மாட்டினார். திரை பளபளவென்று இருந்தது, அமுக்கின உடனே திறந்தது. மெயிலும் திறந்தது. என் ஃபோல்டர்கள் எல்லாம் இருந்தன. வலது ஓரம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஏனுங்க, இங்க ஒரு கட்டம் இருக்குமே?"

"அதுங்களா? இது புது வெர்ஷனுங்க. அதையெல்லாம் எடுத்துப்போட்டாங்க."

"எதுக்கு எடுத்தாங்க?"

"யாரும் யூஸ் பண்றதில்லைன்னு எடுத்துருப்பாங்க."

"நான் பண்றனே?"

அவர் சிரித்தார். "அவிய உங்குளக் கேக்காம உட்டுட்டாங்களாட்ட இருக்குது."

"பழச இதுல ஏத்தித் தர முடியாதுங்களா?"

"முடியாதுங்க்கா. அந்தப் பழைய பொட்டிக்கு இப்போதைக்குப் புதுசு ஏறாது, இதுக்குப் பழசு ஏறாது."

போகும்போது, பழகினால் சரியாகிவிடும் என்றார். நானும் பழகிப் பார்த்தேன். இப்போது ஒரு மெயிலை எடுத்து வைக்க வேண்டுமென்றால் மேலே ஒரு இடத்தில் அமுக்க வேண்டும். அங்கே இறங்குகிற வரிசையில் நகர்த்து என்பதைத் தேட வேண்டும். அப்புறம் எல்லா ஃபோல்டரும் தலையிலிருந்து வால்வரை விரியும். ரெண்டுபோன் அடியில் இருக்கிறது. உருட்டிக்கொண்டே போய் அதைத் தொடுவதற்குள் பட்டியல் படக்கென்று மூடிக்கொள்ளும். அடுத்த மெயிலும் அதே ஆளுடையதுதான் என்றாலும் மறுபடி முதலிலிருந்து. போன நிமிசம் சொன்னது அதற்கு நினைவில் இருக்காது. சரி, கையால் இழுத்துப் போடலாம் என்று இழுத்தால், பாதி வழியில் எதன் மேலோ விழுந்துவிடும். எதன் மேல் விழுந்தது என்று தெரியாது. மெயில் போயே போய்விட்டது என்று நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவேன்.

மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனது. சில நாள் சாப்பாட்டுப் பை திறக்காமலே வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது, கோவக்காரருடைய மெயில் எங்கே விழுந்திருக்கும் என்று நான் மனசுக்குள் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்துகொண்டிருந்தேன். எல்லாரும் எழுந்து நின்ற பிறகுதான் நானும் எழுந்தேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். தாங்க முடியாதது மூலை மேசை.

ஒரு நாள் பில் ஒன்றைக் கேட்கப் போனபோது அவள் திரையைப் பார்த்துவிட்டேன். வலது ஓரத்தில் என் கட்டம். சாம்பல் நிறத்தில், அப்படியே.

"அக்கா, இந்தப் பொட்டி செம புத்திசாலிங்க்கா!" என்றாள். "மெயிலத் தொறந்தா இது எங்க போவோணும்னு அதே சொல்லுது. ஒரே அமுக்கு. நீங்க கஷ்டப்படறீங்களேன்னு வந்ததெல்லாம் நானே எடுத்து வெச்சுப்போட்டனுங்க."

சொல்லாமல் என்ன செய்யும்? சொல்லிக்கொடுத்தவள் நானல்லவா. நடந்து நடந்து நான் பழக்கிய செருப்பு இன்னொருத்தி காலில் கச்சிதமாகப் பொருந்தி, அவள் அதைப் போட்டுக்கொண்டு என் எதிரிலேயே நடக்கிற மாதிரி இருந்தது. 'தேங்ஸ் கண்ணு' என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்காகப் போனேனோ அந்தப் பில்லைக் கேட்காமலே வந்தேன்.

அதற்குப் பிறகு வேலை செய்கிற நேரத்தில் பாதி நேரம் என் காது மூலையில்தான். டக். ஒரு மெயில் போயிற்று. டக். இன்னொன்று. நான் இங்கே ஒன்றை இழுத்து முடிப்பதற்குள் அங்கே நாலு டக். அவள் ஃபேன் காற்றில் முடி பறக்க உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அமுக்குவாள். புதுசு கேட்டு வாங்கியது யார்? நான்தான். யாரைப் போய்த் திட்டுவது?

ஒரு நாள் சென்னிமலைக்காரர் முதலாளிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். பல்சக்கரத்தின் ஓட்டை அளவை மாற்றச் சொல்லி அனுப்பியிருந்தாராம், பழைய அளவிலேயே போய்விட்டதாம். முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினார்.

"அம்மணி! அந்தக் கடுதாசி!"

தீபாவளியைத் திறந்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. இன்பாக்ஸில் இல்லை. வேறு எதிலாவது விழுந்திருக்குமோ என்று மேலிருந்து உருட்ட ஆரம்பித்தேன். பட்டியல் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தேன். கண்ணாடி அறைக்குள் அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"இங்க இருக்குதுங்க சார்!" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "தீபாவளின்னு இருந்தா யாருக்குப் புரியும்னு, சென்னிமலைன்னு ஒண்ணு புதுசாப் போட்டு வெச்சேனுங்க."

காகிதம் பிரிண்டரில் வந்தது. அவள் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் படித்தார். போனில், "ஆமாங்க, நீங்க அனுப்பிச்சிருக்கீங்க, தப்பு எங்க பக்கம்தானுங்க" என்றார். வைத்துவிட்டு அவளைப் பார்த்து, "பரவால்லியே கண்ணு" என்றார்.

கண்ணு. என்னை இத்தனை வருசத்தில் அவர் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. சின்னப் பெண் என்பதால் அப்படிக் கூப்பிட்டிருப்பார், வேறொன்றும் இருக்காது. அதெல்லாம் யோசித்தால் தெரிகிறது. அன்றைக்கு பஸ்ஸில் போத்தனூர்வரை எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டுக்கொண்டிருந்தது.

பெட்டியை மாற்றிக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் எப்படிக் கேட்பது? நானே போய் நின்று வாங்கியதை, எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் ஊரில் ஒரு பொருள் வேண்டுமென்றால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவோம். எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு, "அட, எடுத்துக்குங்க" என்று சொல்ல வேண்டும். அப்போதும் நாம் ஒரு தடவை வேண்டாமென்று சொல்ல வேண்டும். அந்த வழியில்தான் நானும் போனேன்.

டீ நேரத்தில் அவள் மேசைப் பக்கம் போய் நின்றேன்.

"உன்ற எடம் நல்லா இருக்குது கண்ணு."

"ஆமாங்க்கா, ஃபேன் நேரா வருது."

"எனக்கு அங்க ஒரே புழுக்கம். இங்க உக்காந்தா வேல தன்னால ஓடும்போல."

சொல்லும்போது கண்ணை அந்தக் கட்டத்தின் மேலேயே வைத்திருந்தேன். இதைவிட எப்படித்தான் சொல்வது?

"புழுங்குதுங்களா?" என்றாள் அவள் பாவமாக. "முந்தியே சொல்லக் கூடாதுங்களா அக்கா?"

"அய்யோ, வேண்டாம் வேண்டாம். சும்மா சொன்னேன்."

சரியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

மறுநாள் பஸ் தாமதம். நான் உள்ளே நுழையும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே, மூலை மேசையில், என் புதுக் கம்ப்யூட்டர் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. என் மாதா படமும் தண்ணீர் பாட்டிலும்கூட அங்கே வந்திருந்தன. கண்ணாடி அறையை ஒட்டிய மேசையில் பழைய பெட்டி. அதன் முன்னால் அவள்.

"அக்கா, காத்து வேணும்னீங்கள்ல! பட்டறையில இருக்கற ஆளுங்களக் கூப்புட்டு மாத்தி வெச்சுப்போட்டோம். உங்குளுக்கு உங்க பொட்டியே வேணுமில்ல, அதனால அதையும் தூக்கிட்டு வந்துட்டோம்."

முதலாளி உள்ளிருந்து தலையைத் தூக்கினார். அவர் கண்ணுக்கு முதலில் பட்டவள் அவள்.

நான் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது. கைக்குட்டையெல்லாம் பறந்தது. அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி அறை தெரியவே தெரியாது, இடையில் ஒரு தூண். கட்டமும் போய், இடமும் போய், காற்று மட்டும் மிச்சம். டக் என்று அங்கே ஒரு சத்தம் கேட்டது. என் இடத்திலிருந்து, என் பெட்டியிலிருந்து.

எழுந்துவிட்டேன். எப்படி நடந்துபோனேன் என்று தெரியவில்லை. அவள் மேசை முன்னால் நின்றபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"எனக்குக் காத்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எனக்கு அந்தப் பொட்டி வேணும்."

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் பொட்டிங்க்கா? இதா? இந்தப் பழசா?"

"அதுல அந்தக் கட்டம் இருக்குது. இதுல எடுத்துப்போட்டாங்க. அது இல்லாம என்னால முடியல."

அவள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் ஓரக்கட்டத்தைப் பார்த்தாள். பிறகு மூலையில் பளபளக்கிற திரையைப் பார்த்தாள்.

"அப்ப... புதுசு எனக்குங்களா?"

"எடுத்துக்க."

"நெசமாலுமாங்க்கா? அன்னிக்கு அது உங்குளுக்குன்னு சார் சொன்னப்போ நான் ஊட்ல போயி அழுதனுங்க்கா! எங்கம்மா, கெடக்குது உடு கண்ணுன்னு சொன்னாங்க." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். மாதா படத்தையும் பாட்டிலையும் அவளே ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

உள்ளிருந்து முதலாளி, "ஏனுங் அம்மணி, இதுக்கா எம்பட ஆளுகள வெச்சு பொட்டியெல்லாம் தூக்க வெச்சீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டம் இருந்தது. அன்றைக்கு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அமுக்கின இடத்தில் அமுங்கிற்று.

மத்தியானத்துக்கு முன்னால் சென்னிமலைக்காரரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. தீபாவளி நல்வாழ்த்துகள். திறந்தேன். வலது ஓரத்தில் பெயர்கள் வந்தன. மேலே சென்னிமலை. அதற்குக் கீழே, இரண்டாவதாக, தீபாவளி.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் சில மாசம் விட்டு வைத்த குழந்தை, தூக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி. நான் பழக்கியது அவளையும் பழகியிருந்தது. உள்ளிருந்து, "அம்மணி, சென்னிமலையாரு ஏதாச்சும் அனுப்பிச்சாரா?" என்று குரல் வந்தது. சமீபத்தில் வந்ததெல்லாம் அவள் போட்ட ஃபோல்டரில்தான் இருந்தது, இதைத் தனியாகப் பிரித்து வைக்க முடியாது. மேலே இருந்ததையே அமுக்கினேன். மூலைப் பக்கம் திரும்பவில்லை.

இப்போது தினமும் காலையில் அந்தப் பழைய பெட்டி ஒரு செய்தி காட்டுகிறது. புதிய பதிப்பு தயாராக இருக்கிறதாம். ஏறாது என்று சர்வீஸ்காரர் சொன்ன பெட்டிக்கும் அது ஏறி, கட்டத்தை எடுத்துப்போடுகிற காலம் வந்துவிட்டது. கீழே இரண்டு பொத்தான்கள், இப்போது என்று ஒன்று, பிறகு என்று ஒன்று. பிறகு என்பதை அமுக்குவதுதான் என் நாளின் முதல் வேலை. சரியாகத்தான் அமுக்கினேனா என்று ஒரு தடவை அணைத்துப் போட்டும் பார்ப்பேன். அது முடிந்த பிறகுதான் பையைக் கீழே வைப்பேன்.

நேற்று அவள் ஏதோ கேட்க வந்தவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்குளுக்கு அப்டேட் வந்திருக்குதுங்க்கா. நானே அமுத்தி உடட்டுங்களா?"

"தொட்டீன்னா பாரு!" என்றேன்.

பயந்து கையை எடுத்துக்கொண்டாள். மூலைக்குத் திரும்பிப் போய், ஃபேன் காற்றில், அந்தப் பளபளக்கிற திரையின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கட்டம் இல்லாத அந்தத் திரையில் அவள் எப்படி எடுத்து வைக்கிறாளோ தெரியவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.